பழைய கார் பார்ட்ஸ் ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு: ₹1,42,500 போனது, கார்புரேட்டரும் போனது

பழைய இங்கிலீஷ் கார் வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே ஸ்பேனர் பிடித்து வேலை பார்ப்பவர்கள், ஹெரால்டுக்கோ ஸ்பிட்ஃபயருக்கோ பார்ட்ஸ் தேடி அலைபவர்கள், தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். எனக்கு ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் போய்விட்டது. அதோடு அப்பா காலத்திலிருந்து காரில் இருந்த ஜோடி கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற சாமான்) போய்விட்டது. நேற்று விற்றவன் பில்லில் போட்டிருந்த அட்ரஸுக்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என்ன நடந்தது, இந்த மாதிரி ஆட்களிடம் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். கடைப் பெயரை இப்போது போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் பழைய கார்களுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் இறக்குமதி செய்து தருகிறோம் என்று பளபளவென்று போட்டோ போட்டு விற்கிற ஒரு ஆன்லைன் கடை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். ஜில்லா பாலக்காடுதான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான், சாமான் வாங்கப் போவது பொள்ளாச்சிக்கு. கார் 1966 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2. வால்பாறை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பா வாங்கியது. 1147 சிசி எஞ்சின், 67 குதிரைத்திறன், எஸ்யூ கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டர். இப்படி ஒரு வண்டியை நம் பக்கத்தில் இத்தனை வருஷம் ஓட்ட முடிந்தது ஹெரால்டு புண்ணியத்தில்தான். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு செய்து விற்றது இல்லையா, அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்ததும் ஒரே ஆள்தான், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பானட் முழுசாக முன்பக்கம் கவிழும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். வீட்டில் வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடையாது என்பேன்.

வசதியானதுதான், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் விளையாடக் கூடாது. முன் சக்கரம் இரண்டும் வெர்டிகல் லிங்க் என்கிற இரும்புத் தண்டில் நிற்கின்றன. அந்தத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும், அது ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் இறங்கி உட்காரும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்பும். உள்ளே ஆயில் வற்றித் தண்ணீர் போனால் தண்டு மரை பக்கத்தில் துருப்பிடித்து ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலான பட்டறைகளில் கிரீஸ் கன்னை வைத்துக் கிரீஸ் ஏற்றிவிடுவார்கள், அது தப்பு. கெட்டியான கிரீஸ் மரைக்குள் சரியாகப் பரவாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் அடிக்க வேண்டும், மேல் சீல் வழியாகக் கசிகிற வரைக்கும். இது ஹெரால்டு வைத்திருக்கும் நிறையப் பேருக்கே தெரியாத விஷயம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவன் என்னைப் பிடித்ததே இந்த இடத்தில்தான்.

இந்த வருஷம் முன்பக்கம் முழுக்கப் பிரித்துப் புதுசாக்கலாம் என்று முடிவு பண்ணியிருந்தேன். வெர்டிகல் லிங்க் இரண்டு, ட்ரன்னியன் இரண்டு, விஷ்போன் என்கிற சஸ்பென்ஷன் கைகளுக்குப் புஷ் எல்லாம், முன் டிஸ்க் பிரேக்குக்கு கேலிப்பர் ரிப்பேர் கிட், தீப்பொறிக்கு இருக்கும் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன். கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமா, கணபதி பக்கம் போனால் எதை வேண்டுமானாலும் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் உயிரைத் தாங்குகிற தண்டை லேத்தில் கடைந்து போட எனக்கு மனசில்லை, அதனால்தான் இறக்குமதி தேடினேன். அந்தக் கடைக்கு போன் பண்ணினேன். எடுத்தவன் நல்ல தமிழ், கோயம்புத்தூர்ப் பேச்சு, "சொல்லுங்க சார்" என்று அவ்வளவு மரியாதை. நான் ட்ரன்னியன் என்று சொல்லி வாயை மூடவில்லை, "சார், இதுவரைக்கும் கிரீஸா ஆயிலா? கிரீஸ் அடிச்சிருந்தீங்கன்னா லிங்க்கையும் சேர்த்து மாத்திருங்க, இ.பி. 90 மட்டும்தான் போடணும்" என்றான். அப்புறம் அவனே கேட்டான், "உங்களது மார்க் 2ன்னா பாசிட்டிவ் எர்த் ஆச்சே, இக்னிஷன் அதுக்குத் தகுந்த மாதிரி அனுப்பணும்ல?" என்று. (பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் பாடியோடு இணைத்திருப்பதுதான் பாசிட்டிவ் எர்த்.) அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இத்தனை வருஷத்தில் போனில் இப்படிப் பேசிய ஒரு கடைக்காரனை நான் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்தவன், காரை நேசிக்கிறவன் என்றே நினைத்தேன். கார்புரேட்டர் பற்றியும் அவன்தான் ஆரம்பித்தான்: ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகம்) நிற்காமல் ஏறி இறங்குகிறதா, அப்படியென்றால் கார்புரேட்டரின் காற்றுக் கதவைத் தாங்குகிற த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று இழுக்கிறது, இரண்டையும் கழற்றி அனுப்புங்கள், புஷ் போட்டுப் புது ஸ்பிண்டில் ஏற்றி பார்சலோடு திருப்பி அனுப்புகிறேன். சொன்னது அத்தனையும் சரி. தொழில் தெரிந்த திருடன் என்றால் இவன்தான்.

முதலில் எண்பதாயிரம் அட்வான்ஸ். கார்புரேட்டர் இரண்டையும் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து, சரக்கு கொச்சி வந்துவிட்டது, கஸ்டம்ஸ் கட்டினால்தான் வெளியே வரும் என்று மீதி அறுபத்திரண்டாயிரத்து ஐநூறும் வாங்கிக்கொண்டான். ஆக ₹1,42,500. இரண்டு தடவையும் பேங்க் டிரான்ஸ்ஃபர், ஒரு கரண்ட் அக்கவுண்டுக்கு.

பார்சல் வந்தது. பழைய நியூஸ்பேப்பர், சாக்கு, நடுவில் சாமான். வெர்டிகல் லிங்க் இரண்டும் கன்னங்கரேலென்று புதுப் பெயின்ட். கையில் எடுத்ததுமே மரை பக்கம் சொரசொரவென்றிருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் துருவில் அரித்த குழிகள், குழிக்குள் பட்டி பூசித் தேய்த்திருக்கிறான். யாருடைய காரிலிருந்தோ கழற்றிப் போட்ட பழைய தண்டு. அதிலும் இரண்டும் ஒரே பக்கத்துக்கானது! இந்தக் காரில் இடது வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர், ஒன்றைக் கழற்றி மற்றதில் போடவே முடியாது, இது அவனுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ட்ரன்னியன் மேல் தங்கக் கலரில் ஒரு மினுமினுப்பு. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று ஷெட்டில் கிடந்தது, கொண்டுபோய் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. வெறும் இரும்பில் கலர் அடித்து அனுப்பியிருக்கிறான். இக்னிஷன் கிட் மேலேயே நெகட்டிவ் எர்த் என்று அச்சடித்திருக்கிறது, என் காரில் மாட்டினால் அந்த நிமிஷமே கருகும். கார்புரேட்டர் பெட்டியில் இல்லவே இல்லை.

இதை மாட்டி யாராவது வாளையாறு ரோட்டில் எண்பதில் போயிருந்தால்? பணம் ஒருபக்கம் இருக்கட்டும், இவன் கொலைகாரன் வேலை பார்க்கிறான். என் பையன் அந்தக் காரில் உட்கார்ந்து போகிறவன்.

உடனே கூப்பிட்டேன். "அய்யோ சார், பேக்கிங் பசங்க மாத்திப் போட்டுட்டாங்க, ரெண்டே நாள்ல மாத்தித் தர்றேன்" என்றான். சரி. அப்புறம் ஓணம் லீவு என்றான், கோயம்புத்தூர்க்காரனுக்கு என்ன ஓணம். அப்புறம் கார்புரேட்டர் புஷ் போடுகிற ஆளுக்கு டெங்கு. அப்புறம் புதுச் சரக்கு மறுபடி கஸ்டம்ஸில் நிற்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றால், அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு போனை எடுத்தது வேறு ஆள், அவனுக்குத் தமிழே தெரியாதாம். என்ன சொன்னாலும் "நோக்காம் சேட்டா, நாளெ விளிக்காம்" (பார்க்கலாம் அண்ணா, நாளைக்குக் கூப்பிடுகிறேன்) என்று வைத்துவிடுவான். எனக்கு மலையாளம் வரும், மலையாளத்திலேயே கேட்டேன், அதற்கும் "நோக்காம் சேட்டா"தான். மெசேஜில் நீல டிக் விழும், பதில் வராது. நான் திட்டாத வரைக்கும் பதில் சொன்னவன், போட்டோவோடு காந்தம் ஒட்டுகிற வீடியோவை அனுப்பியதும் பிளாக் பண்ணிவிட்டான். அதே கடைப் பக்கத்தில் மறுநாள் புதுப் போட்டோ, "ஸ்பிட்ஃபயர் ஃப்ரன்ட் எண்ட் கிட், லிமிடெட் ஸ்டாக்".

ஆன்லைன் பண மோசடி என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும், பணம் கை மாறுவதற்குள் சொன்னால் அக்கவுண்டை முடக்கப் பார்ப்பார்கள். அந்த நேரத்தைத்தான் இவன் ஓணத்திலும் டெங்குவிலும் பிரசவத்திலும் கரைத்திருக்கிறான். இதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று அந்த அட்ரஸ். கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு சந்து, அந்தக் கதவு எண்ணில் டயர் ரீட்ரெடிங் பட்டறை. அங்கே இருந்த பெரியவர் பாவம், "தம்பி, இப்படிக் கேட்டுட்டு ஏற்கெனவே ஆளுக வந்துட்டுப் போயிட்டாங்க, எங்களுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எத்தனை பேரை இப்படி அலைய விட்டிருக்கிறானோ.

ஸ்டேஷன் கதையும் கேளுங்கள். இங்கே கேரளப் பக்கத்தில் கேட்டால், அக்கவுண்ட் கோயம்புத்தூர், சிம் தமிழ்நாடு, அங்கே போய்க் கொடுங்கள் என்கிறார்கள். அங்கே போனால், நீங்கள் இருப்பது கேரளா, பணம் போட்டதும் அங்கிருந்து, உங்கள் ஊரில் கொடுங்கள் என்கிறார்கள். செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். வக்கீல் சொன்னது இதுதான்: எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கித்தான் ஆக வேண்டும், சீரோ எஃப்.ஐ.ஆர். என்று அழுத்திக் கேளுங்கள். நுகர்வோர் கோர்ட்டும் அப்படியே, 2019 சட்டத்தின்படி வாங்கியவர் குடியிருக்கிற ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம், அவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. பாலக்காட்டில் போடப் போகிறேன். ₹1,42,500ல் ஒரு ரூபாய் விடமாட்டேன்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று பெரிதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை, அவசரத்துக்கு இது. பழைய பார்ட்டைக் கழற்றி முன்கூட்டி யாருக்கும் அனுப்பாதீர்கள். புஷ் போடுவது, ஸ்பிண்டில் மாற்றுவது எல்லாம் நேரில் போய் உட்கார்ந்து செய்து வாங்க முடிகிற வேலை. கஸ்டம்ஸ் கட்டணும் என்றால் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற ஆவணம்) நகல் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ட்ரன்னியனில் காந்தம் வையுங்கள், லிங்க்கில் பெயின்டைச் சுரண்டுங்கள், இரண்டு மரையும் எதிரெதிரா என்று பாருங்கள். இந்தக் கடையில் ஏற்கெனவே முன்பக்க சாமான் வாங்கி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. என் கார்புரேட்டர்கள் எஸ்யூ எச்.எஸ். 2, ஜோடி. இரண்டிலும் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் அறையின் மூடிக்கு உள்பக்கம் அப்பா ஆணியால் கீறி வைத்திருப்பார், ஒன்றில் ‘மு’, மற்றதில் ‘பி’, முன்னது பின்னது மாறாமல் இருக்க. அவர் ரப்பர் டியூபை ஒரு நுனி காதிலும் ஒரு நுனி கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் இரைச்சலும் ஒரே மாதிரி வருகிற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார், ட்யூனிங் மீட்டர் எல்லாம் கிடையாது. பின்னதில் போல்ட் போடுகிற விளிம்பான ஃபிளாஞ்சில் ஒரு மூலை உடைந்து அலுமினிய வெல்டிங் வைத்திருக்கும். இந்த அடையாளத்தோடு கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் எந்தப் பக்கம் யார் விற்க வந்தாலும், மூடியைத் திறந்து பாருங்கள். ‘மு’, ‘பி’ இருந்தால் யாரிடம் வாங்கினாய் என்று கேட்டு, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நேரம் காலம் பார்க்க வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்பி வருகிறேன்.