மேலாளர் பதவியா, முதன்மைப் பொறியாளர் பதவியா?

சென்னையில் பதினொரு ஆண்டுகளாக நிரல் எழுதிவரும் என் முன்னாள் சக ஊழியர் ஒருவருக்கு, இந்த ஆண்டு அப்ரைசல் எனப்படும் வருடாந்திரப் பணி மதிப்பீட்டின்போது இரண்டு வாய்ப்புகளை ஒன்றாக முன்வைத்தார்கள். பதினான்கு பேர் கொண்ட குழுவுக்கு மேலாளர் ஆகலாம். அல்லது அதே குழுவில், ஆட்களை நிர்வகிக்காமல் நிரல் எழுதும் முதன்மைப் பொறியாளராகத் தொடரலாம். பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். வீட்டில் உள்ளவர்களுக்கு மேலாளர் என்பது மட்டுமே பதவி உயர்வாகத் தெரிகிறது. அவருக்கோ நிரலை விட்டு எழுந்துபோக மனமில்லை. இரண்டரை ஆண்டுகள் மேலாளராக இருந்துவிட்டு மீண்டும் நிரல் எழுதத் திரும்பியவன் நான் என்பதால் என்னிடம் கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் ஒப்பிடுவது சம்பளத்தை. அது நிறுவனத்தின் வகையைப் பொறுத்தது. ஆள் கணக்கில் வாடிக்கையாளரிடம் பில் போடும் சேவை நிறுவனங்களில், எத்தனை பேரை நிர்வகிக்கிறீர்கள் என்பதை ஒட்டியே பெரும்பாலும் சம்பளம் ஏறுகிறது. சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களில், நிர்வாக ஏணிக்கு இணையாகத் தொழில்நுட்ப ஏணி ஒன்றும் இருக்க வாய்ப்பு அதிகம். ஐபிஎம் நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலேயே ‘ஃபெலோ’ என்ற பதவியை உருவாக்கி, ஆட்களை நிர்வகிக்காமலே ஒரு பொறியாளர் உச்சத்தை எட்டலாம் என்று காட்டியது. ஆனால் மனிதவளத் துறையின் விளக்கப்படத்தில் ஏணி இருப்பது வேறு, அதில் ஆள் நிற்பது வேறு. உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு இரண்டு படி மேலே, இன்றும் நிரலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒருவரையாவது பெயர் சொல்லிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஏணி காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சம்பளத்தைவிட ஆழமான வேறுபாடு, ஒரு நாள் எப்படித் துண்டாகிறது என்பதில் இருக்கிறது. பொறியாளருக்கு இடையறாத மூன்று மணி நேரம் தேவை. ஒரு முறை, மாத இறுதியில் எங்கள் பணப்பரிவர்த்தனைக் கணக்கு வங்கியின் கணக்கோடு ஒத்துப்போகாமல் நின்றது. வித்தியாசமான தொகை நாளுக்கு நாள் மாறியது. பகல் நேரப் பரிவர்த்தனைகள் எல்லாம் சரியாக இருந்தன. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, தவறியவை அனைத்தும் நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடைப்பட்டவை என்பது புலப்பட்டது. எங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அந்தப் பரிவர்த்தனைகள் முந்தைய நாளின் கணக்கில் போய் விழுந்திருந்தன. திருத்தம் ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியை அடைய ஒரு முழு மாலை வேண்டியிருந்தது. நடுவில் யாராவது இரண்டு கூட்டங்களுக்கு அழைத்திருந்தால் அன்று அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மேலாளரின் நாள் இதற்கு நேர் எதிரானது. அது அரை மணி நேரத் துண்டுகளால் ஆனது. குறுக்கீடுகளே அங்கு வேலை. அந்தத் துண்டுகளுக்கு நடுவே ‘கொஞ்சம் நிரலும் எழுதிக்கொள்வேன்’ என்று நம்பி நான் ஏறக்குறைய ஓர் ஆண்டை வீணாக்கினேன். நான் எடுத்துக்கொண்ட வேலைகள் தாமதமாகி, குழுவினர்தான் எனக்காகக் காத்திருந்தார்கள்.

பலன் கண்ணுக்குத் தெரியும் விதமும் வேறு. பொறியாளருக்கு, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை பச்சை விளக்காக மாறும் நொடியிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. மேலாளர் ஒருவரை வளர்த்தெடுத்தாரா என்பது தெரிய ஓராண்டு ஆகும், சில வேளைகளில் அந்த நபர் வேறு நிறுவனத்துக்குப் போன பிறகே தெரியவரும். தோல்வியின் சுமையும் அப்படித்தான். என் முதல் அப்ரைசல் சுற்றில், இத்தனை பேருக்கு மட்டுமே உயர்ந்த ரேட்டிங் என்று மேலிடம் விதித்த பெல் கர்வ் கணக்குக்காக, உயர்ந்த ரேட்டிங்குக்குத் தகுதியான ஓர் இளம் பொறியாளரை ஒரு படி கீழே இறக்க வேண்டியதாயிற்று. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தன் நோட்டில் எழுதி எடுத்துவந்திருந்த அந்த ஆண்டின் வேலைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு, மூடி வைத்துக்கொண்டு, “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். நிரலில் நான் செய்த எந்தப் பிழையும் அந்த அளவுக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. மேலாளர் பதவிக்குப் போகிறவர் இப்படியொரு அறையில் எதிரே உட்கார வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்ப்பது நல்லது. அதே இரண்டரை ஆண்டில், பேசவே தயங்கிய ஒருவர் வாடிக்கையாளர் முன்னால் நின்று தம் வடிவமைப்பை விளக்கியதையும் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியை நிரல் எனக்குத் தந்ததில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சிறந்த பொறியாளர்தான் சிறந்த மேலாளர் ஆவார் என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. கூகுள் நிறுவனம் 2002-இல், பொறியியல் மேலாளர்களே தேவையில்லை என்று சோதித்துப் பார்த்தது. செலவுக் கணக்கும் ஊழியர்களுக்கிடையிலான பூசல்களும் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய்க் குவிய, சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டது. பிற்பாடு அதே நிறுவனம், நல்ல மேலாளர்களிடம் காணப்படும் எட்டுப் பண்புகளைத் தரவுகளின் துணையோடு வரிசைப்படுத்தியபோது, தொழில்நுட்பத் திறன் எட்டாவது இடத்தில் வந்தது. மேலாளர் தேவை, ஆனால் அவருக்குத் தேவையான திறமை, உங்களுக்கு அந்தப் பதவியை வாங்கித் தந்த திறமை அன்று. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவன வேலையை விட்டு ஆப்பிளுக்கு வரத் தயங்கியதும், மேலாளராகாமல் பொறியாளராகவே இருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகே இசைந்ததும் பலரும் அறிந்ததுதான். பதவியை மறுப்பது முன்னேற்றத்தை மறுப்பது ஆகாது என்பதற்காக இதை வீட்டில் சொல்லச் சொன்னேன்.

ஊழியர்கள் அதிகம் எண்ணிப்பார்க்காத சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழில்நுட்ப வேலை செய்பவரைத் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் சேர்த்து, முதன்மையாக நிர்வாகப் பணி செய்பவரை வெளியே நிறுத்தியது. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு பணி முடித்த தொழிலாளருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் தர வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்தப் பிரிவினையைத் தொடர்கிறது. மேற்பார்வைப் பணியில் இருப்பவரை மட்டும், மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டினால் வெளியே நிறுத்துகிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பதவிப் பெயரை அன்று, முதன்மையாகச் செய்த வேலையை. ஆகவே விடுப்புக்கு ஒப்புதல் தருவதும் ரேட்டிங் போடுவதுமே உங்கள் முதன்மை வேலையாகும் நாளில், இந்தப் பாதுகாப்பை நீங்கள் இழக்கக்கூடும். ஆட்குறைப்புக் காலத்தில் இடைநிலை மேலாளர்களின் பெயர்கள் பட்டியலில் எளிதில் ஏறிவிடுகின்றன என்பதையும் இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

திரும்பும் வழி இரண்டு பக்கமும் சமமாக இல்லை. நாற்பது வயதில் பொறியாளர் ஒருவர் மேலாளராவது இயல்பாகவே பார்க்கப்படுகிறது. மேலாளராக ஐந்து ஆண்டுகள் இருந்தவர் பொறியாளர் வேலைக்கான நேர்காணலில், கடைசியாக எப்போது நிரல் எழுதினீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே திணறுகிறார். நான் இரண்டரை ஆண்டில் திரும்பியபோதே, எங்கள் நிரல் சர்வருக்குப் போய்ச் சேரும் முறை முழுவதும் மாறியிருந்தது. நான் எழுதிய நிரலைச் சரிபார்க்க, அதாவது கோட் ரிவ்யூவுக்கு, என்னைவிட எட்டு வயது இளையவரிடம் கொடுத்து, அவர் சொன்ன திருத்தங்களை ஏற்று, மெல்ல மெல்லக் கை பழகினேன். மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளியிருந்தால் எனக்கு அது முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என்னிடம் கேட்ட அந்தச் சக ஊழியரின் நிறுவனத்தில் முதன்மைப் பொறியாளருக்கு மேலே உண்மையிலேயே இருவர் இருக்கிறார்கள். நிரலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உயர்கிறது. அதனால் அவருக்கு இரண்டாவது வாய்ப்பையே பரிந்துரைத்தேன். அவருக்கு அப்போதும் தயக்கம் இருந்தது. அப்படியானால் மூன்று பேரை ஆறு மாதம் பொறுப்பில் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், பிடிக்கவில்லையென்றால் பொறியாளர் பதவிக்கே திரும்பலாம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருக்கிறார்களாம். எழுத்தில் வரும் வரை கையெழுத்திட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன்.