எலைசாவா, மாஸ் ஸ்பெக்கா? அதற்கு முன் ஆட்டிலிருந்து எதை எடுப்பது?

காரைக்குடியில் மெஸ் நடத்தும் ஆச்சி கேட்டார்: "கோழிக்கு ஊசி போட்டு ஊத வைக்கிறாகளாமே தம்பி, கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கா?"

பிராய்லர் கொழுப்பது இனத்தாலும் தீவனத்தாலும். பண்ணை முழுக்கக் கோழி கோழியாக ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. ஆடு, மாடு, பன்றி என்றால் கதை வேறு. அங்கே பேர்போன திருடன் கிளென்பியூட்டரால். மூச்சிரைப்புக்கான மருந்து, கொழுப்பைக் கரைத்துச் சதையை ஏற்றும். 1990-இல் ஸ்பெயினில் மாட்டு ஈரல் சாப்பிட்ட 135 பேருக்குக் கைநடுக்கமும் படபடப்பும் வந்தது இதனால்தான். காரைக்குடிச் சந்தை ஆட்டில் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதிப்பதென்றால் எப்படி என்பதே பேச்சு.

எலைசா என்பது, தேடும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் சோதனை. மலிவு. 96 குழி கொண்ட ஒரே தட்டில் பல மாதிரிகளை ஓரிரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஆளை மாற்றிப் பிடிக்கும். கிளென்பியூட்டராலுக்கான கிட்கள் பலவும் அதன் பங்காளியான சால்பியூட்டமாலைக் கண்டாலும் 'இருக்கிறது' என்று காட்டும். அதை மட்டும் நம்பி யார்மேலும் வழக்குப் போட முடியாது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் எடையைப் பார்த்து, பிறகு அதை உடைத்துத் துண்டுகளின் எடையையும் பார்க்கும். ஒரே ஓட்டத்தில் பல மருந்துகளைத் தேடும். கருவி கோடிக் கணக்கு, ஆளும் தேர்ந்தவர் வேண்டும். எனவே சலிக்க எலைசா, சந்தேகப்பட்டதை உறுதி செய்ய இது என்பதுதான் நடைமுறை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

உண்மையான போட்டி மாதிரிகளுக்குள்தான். மருந்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து விற்றால் சிறுநீர் சுத்தமாக இருக்கும். ஆடு நாம் கேட்ட நேரத்தில் பெய்யவும் பெய்யாது. தொடைக்கறியிலும் சீக்கிரம் குறைந்துவிடும். ஈரலில் கூடுதல் நாள் தங்கும். இதே வகை மருந்தான ராக்டோபமைன் எவ்வளவு மிச்சமிருக்கலாம் என்று, உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2012-இல் வைத்த வரம்பைப் பாருங்கள்: கறியில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், ஈரலில் 40, சிறுநீரகத்தில் 90.

கிளென்பியூட்டரால் கருநிறமியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் விழித்திரையும் முடியும் பல வாரம் சாட்சி சொல்லும். உயிரோடிருக்கும் ஆட்டுக்கு என் ஓட்டு முடிக்குத்தான், அதுவும் கருப்பு முடி. வெள்ளை முடியில் குறைவாகவே சிக்கும். கத்தரித்து உறையில் போட்டால் போதும், ஐஸ்கூட வேண்டாம்.

"அறுத்த பிறகுதானே எனக்குக் கறி வருது?" என்றார் ஆச்சி. அப்படியானால் தொடையை அனுப்பாதீர்கள் ஆச்சி, ஈரல் துண்டை உறைய வைத்து அனுப்புங்கள். கசாப்புக்காரர் தலையையும் தந்தால் கண்ணையும் சேர்த்து.