ஷாக்குக்கு முன் ஸ்பிரிங்: பைக் சஸ்பென்ஷன் மேம்பாடு, நீண்ட காலப் பயன்பாட்டில்

சஸ்பென்ஷனுக்குச் செலவு செய்யலாம் என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதலில் தேடுவது பின்பக்க ஷாக்கைத்தான். தனி கேஸ் டப்பா, திருகுவதற்கு நாலைந்து நாப், வண்ண ஸ்பிரிங் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் தெரிவதில்லை. ஆனால் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது எது என்று கேட்டால், ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்திய ஒரு ஜோடி ஃபோர்க் ஸ்பிரிங்கையும் அளவாக ஊற்றிய ஆயிலையும்தான் சொல்வேன்.

எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள ஒரு அளவு டேப்பும் துணைக்கு இரண்டு பேரும் போதும். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, ஆக்சிலுக்கும் அதற்கு நேர் மேலே பாடியில் ஒட்டிய அடையாளத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமாகப் போடும் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு முறை அமுக்கி மெல்ல எழவிட்டு அளக்க வேண்டும். இன்னொரு முறை தூக்கி மெல்ல இறங்கவிட்டு அளக்க வேண்டும். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் வருவதுதான் ஸாக், அதாவது எடை ஏறியதும் சஸ்பென்ஷன் இறங்கும் அளவு. முன்பக்கத்தையும் இதேபோல அளக்கலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு மொத்த டிராவலில் (சஸ்பென்ஷன் நகரக்கூடிய முழுத் தூரத்தில்) கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் சரி, 120 மி.மீ. ஃபோர்க்கில் 30 முதல் 40 மி.மீ. எழவிட்டு எடுத்த அளவுக்கும் இறங்கவிட்டு எடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் உராய்வால் வருவது. முன்பக்கம் அது 20 மி.மீ.க்கு மேல் போனால் ஃபோர்க் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஆக்சிலை இறுக்கும்போது ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நேராக நிற்காததே காரணம். ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டு இறுக்கினால் காசில்லாமலே பாதி தீர்ந்துவிடும்.

அடுத்து, ஆள் ஏறாமல் வண்டி தன் எடைக்கு மட்டும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பின்பக்கம் 5 முதல் 15 மி.மீ. வரை இருக்க வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆளோடு ஸாக் சரியாக வந்து, ஆளில்லாமல் வண்டி துளியும் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் கடினமாக இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஸ்பிரிங் மென்மையானது, அதைச் சரிக்கட்ட பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, ஏகத்துக்கும் ஏற்றியிருக்கிறார்கள். பிரீலோட் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. 8 நியூட்டன் ரேட் கொண்ட ஸ்பிரிங்கை எவ்வளவு திருகினாலும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 8 நியூட்டன்தான் தாங்கும். ஆளோடு சரியாக இருந்து, ஆளில்லாமல் 20 மி.மீ.க்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அதிகக் கடினம்.

விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் வருவது டேம்பர் ராட் ஃபோர்க். ஒரு குழாயில் துளைகள், அவற்றின் வழியே ஆயில் புகுந்து போகும், உள்ளே அவ்வளவுதான். துளை வழியே போகும் ஆயிலின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். அதனால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெல்ல இறங்கும் இடத்தில் தடுப்பே இருக்காது, முன்பக்கம் மூக்கைக் குத்தும். கூர்மையான பள்ளத்தில் விழும்போது ஆயில் போக வழியில்லாமல் கையில் அடிக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினால் முதல் குறை கொஞ்சம் குறையும், இரண்டாவது மோசமாகும். இதற்குச் சரியான மருந்து எமுலேட்டர் வால்வு, அதாவது அந்தத் துளைகளுக்குப் பதிலாக ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு; ரேஸ் டெக்கின் கோல்டு வால்வு இதில் பலரும் அறிந்தது. இதைப் பொருத்தும்போது டேம்பர் ராடின் கம்ப்ரெஷன் துளைகளை (ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் போகும் துளைகளை) 8 மி.மீ. அளவில் ஆறாகப் பெரிதாக்க வேண்டும். அதைச் செய்யாமல் வால்வை மட்டும் உள்ளே போட்டால் பழைய துளைகளே தடையாக நின்று, வால்வு வேலை செய்வதே தெரியாது. வால்வு ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காருவதால் அதன் உயரத்துக்கு, ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் ஸ்பேசர் குழாயையும் வெட்டிக் குறைக்க வேண்டும். மறந்தால் பிரீலோட் அந்த அளவுக்குக் கூடிவிடும். ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்ப எழும்போது வரும் தடுப்பு மட்டும் அப்போதும் ஆயிலின் தடிப்பைத்தான் நம்பியிருக்கும்.

ஆயிலை 10டபிள்யூ, 15டபிள்யூ என்ற எண்ணை வைத்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொன்றின் 7.5-ஐ விட மெலிதாக இருக்கலாம். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் தடிப்பைச் சொல்லும் அலகு) என்று தொழில்நுட்பத் தாளில் போட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். ஊற்றும் அளவையும் மில்லிலிட்டரை மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, காற்றுக் குமிழெல்லாம் போன பிறகு மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளக்க வேண்டும். ஸ்பிரிங் சரியாக இருந்தும் ஃபோர்க் முழுக்க அமுங்கி அடியில் தட்டினால் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே காற்றழுத்தம் ஏறி சீல் கசியத் தொடங்கும். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிவிட்டால் எவ்வளவு டிராவல் செலவாகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புது ஸ்பிரிங் குழாய்ச் சுவரில் உரசுவதால் பழைய ஆயில் வெள்ளிப்பொடி கலந்த சாம்பல் நிறத்தில் வழியும்; அந்தத் துகள்தான் பிறகு சீலையும், குழாய்கள் வழுக்கி நகர உதவும் பஷ் வளையத்தையும் தின்கிறது. கழற்றும்போது பஷ்ஷைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கரும்சாம்பல் டெஃப்லான் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மாற்றிவிடுங்கள்; தேய்ந்த பஷ்ஷோடு புது சீல் அதிக நாள் நிற்காது.

பின்பக்க ஷாக்கில் நான் முதலில் கேட்கும் கேள்வி, இதைப் பிரித்து சர்வீஸ் செய்ய முடியுமா என்பதுதான். நீண்ட ஓட்டத்தில் ஸ்பிரிங் போவது அபூர்வம். ஆயில் தளர்ந்து, நைட்ரஜன் இறங்கி, ரீபவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது படிப்படியாக நடப்பதால் ஓட்டுபவர் பழகிவிடுவார். வளைவில் வண்டி மிதப்பதைப் பின்னால் உட்கார்பவர்தான் முதலில் சொல்வார். சீல், ஆயில், கேஸ் மாற்றினால் பழைய குணம் திரும்பும். ஓலின்ஸ், வில்பர்ஸ், நைட்ரான் போன்றவற்றில் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் கிடைக்கும், பிரிக்கவும் முடியும். அடைத்து முடித்த ஷாக் என்றால் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் தளர்ந்ததும் தூக்கிப்போட வேண்டியதுதான். கேஸும் ஆயிலும் ஒன்றாகக் கலந்திருக்கும் எமல்ஷன் வகை நகர ஓட்டத்துக்குத் தாராளம்; மோசமான சாலையில் பாரத்தோடு மணிக்கணக்கில் போனால் ஆயில் நுரைத்து டேம்பிங் (ஆயில் தரும் தடுப்பு) தளரும். பிஸ்டனால் கேஸைத் தனியாகப் பிரித்த வகை அங்கே தாங்கும்.

நீளத்தில் கவனம் வேண்டும். ஷாக்கைப் பின்சக்கர அமைப்போடு நெம்புகோல் போல இணைக்கும் லிங்கேஜ் உள்ள வண்டியில் சக்கரம் நகர்வதில் சுமார் பாதிதான் ஷாக் நகரும். 5 மி.மீ. நீளமான ஷாக் பின்பக்கத்தை ஏறக்குறைய 10 மி.மீ. தூக்கிவிடும். ஹேண்டில் சட்டென்று திரும்பும், நேர்ச்சாலையில் நிலைப்பு குறையும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். இரட்டை ஷாக் வண்டியில் ஷாக்கை மாட்டும் கண் துளையிலுள்ள பஷ்ஷின் உள்விட்டம், தடித்த ஸ்பிரிங் செயின் கவரிலோ சைலன்சரிலோ உரசுமா என்ற இரண்டையும் முன்பே பாருங்கள். லிங்கேஜின் ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடித்திருந்தால் எந்த ஷாக்கும் நன்றாக இருக்காது. மாட்டும் நாளிலேயே கழுவி கிரீஸ் வையுங்கள்.

டேம்பிங் திருகுகளைத் திருப்பும்போது வரும் கிளிக்குகளை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே திருகை, இரண்டு கிளிக் மட்டும் மாற்றுங்கள். முதல் மேட்டில் நன்றாக இருந்து, தொடர் மேடுகளில் போகப்போக இறுகினால் கம்ப்ரெஷனைக் குறை சொல்லாதீர்கள். ரீபவுண்ட் அதிகமாகி, ஷாக் எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதித்தால் ரீபவுண்ட் போதவில்லை. பிரீலோட் வளையத்தைத் திருகும் முன் மரையிலுள்ள மண்ணை பிரஷ்ஷால் துடைத்து எண்ணெய் விடுங்கள்; அலுமினிய மரை மணலோடு திரும்பினால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். டயர் வாரி அடிக்கும் கல் ஷாக்கின் ராடில் படாமல் இருக்க ஒரு சின்ன மட்கார்டும் போட்டுவிடுங்கள்.