சிம்பையில் சமன்பாட்டைச் சுருக்க எந்த வழி?

பைத்தானின் குறியீட்டுக் கணித நூலகமான சிம்பையில் (க+1)² என்பதையும் க²+2க+1 என்பதையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 'பொய்' என்று வரும். அந்தக் குறி பார்ப்பது கோவையின் அமைப்பை மட்டும்தான். மேக்ஸிமா என்ற இன்னொரு இயற்கணித மென்பொருளிலும் சமக்குறிக்கு ஒரு விடை, 'ஈக்வல்' செயற்கூறுக்கு வேறு விடை. ஆகவே மதிப்பைப் பார்க்கும் வேலை, கோவையை எளிதாக்கும் செயற்கூறான சுருக்கியின் தலையில்தான் விழுகிறது. சுருக்கி சமன்பாடுகளைக் கையாளும் விதத்தைத் திருத்த நான்கு வழிகள் முன்வைக்கப்படும்.

முதலாவது, இரு பக்கங்களையும் தனித்தனியே சுருக்குவது. ஆபத்தில்லை, ஆனால் போதாது. 2க+ச³ = 2க+ப என்பதில் எந்தப் பக்கமும் மேலும் சுருங்காது; பொதுவான 2க அப்படியே நிற்கும்.

இரண்டாவது, கழித்துப் பார்த்து வித்தியாசம் பூஜ்யமா என்று கேட்பது. நான்கில் பலமானது இதுதான், கண்ணிகள் அதிகமுள்ளதும் இதுதான். முடிவிலியும் முடிவிலியும் சமம். ஆனால் கழித்தால் 'எண் அல்ல' என்று வரும். ஒரு பக்கத்தில் மெய்/பொய் மதிப்பு இருந்தால் கழித்தலே பிழை எறியும். அதனால் இரு பக்கமும் எண்கோவைதானா என்ற சோதனை முதல் வரியிலேயே வேண்டும். (க²−1)/(க−1) = க+1 என்பது 'மெய்' ஆகிவிடும்; க=1 என்ற ஓட்டை சத்தமில்லாமல் மறையும். போதாததற்கு, வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வு போல இடப்பக்கத்தில் தனித்து நிற்கும் சார்பைக் கலைத்து, வலப்பக்கத்தில் பூஜ்யத்தை வைத்துக் கொடுத்தால், வலப்பக்கத்தை எடுத்துப் பயன்படுத்தும் நிரல்கள் உடையும்.

மூன்றாவது, ஒருபடிக் கோவையானால் மாறியைத் தனிமைப்படுத்துவது: மக+ந = 0 எனில் க = −ந/ம. இங்கே பிழை ஒரே வரியில் ஒளிந்திருக்கும். 'ம பூஜ்யமா' என்ற கேள்விக்கு சிம்பை மெய், பொய், தெரியாது என மூன்று விடை தரும். பைத்தானில் 'தெரியாது' என்பதன் மறுப்பும் மெய்தான். எனவே "பூஜ்யம் இல்லையென்றால் வகு" என்று மேலோட்டமாக எழுதினால், தெரியாத ம-ஆலும் வகுத்துவிடும். விடை திட்டவட்டமாகப் பொய்யா என்றே சோதிக்க வேண்டும். கச = கப என்பதைக் க-ஆல் வகுத்து ச = ப ஆக்குவதும் இதே தவறு; க=0 என்ற தீர்வு தொலையும்.

நான்காவது, தற்செயல் எண்களைப் போட்டுப் பார்ப்பது. சமமில்லை என்று காட்ட அருமையான கருவி. சமம் என்று நிறுவ ஆகாது: நேர் எண்களை மட்டும் போட்டால் √(க²) = க என்பதும் தேறிவிடும். தசம எண்களில் 0.1+0.2 கூட 0.3-க்குச் சமமாகாது. அடுக்குக்குறிச் சார்பு, சைன், தனிமதிப்பு எல்லாம் கலந்த கோவைகளில், பூஜ்யமா என்று எப்போதும் தீர்ப்புச் சொல்லும் வழிமுறை இல்லை என்பது 1968-இல் ரிச்சர்ட்சன் நிறுவியது. 'தெரியாது' என்பதும் முறையான விடையே; அதைப் பொய்யாக மாற்றாதீர்கள்.

என் தேர்வு: தீர்ப்புக்கு இரண்டாவது, வடிவத்துக்கு மூன்றாவது. வித்தியாசத்தை உள்ளே கணக்கிட்டு, மெய்/பொய் உறுதியானால் மட்டும் அதைத் திருப்புங்கள்; இல்லையேல், ஒருபடிக் கோவையானால் மாறியைத் தனிமைப்படுத்துங்கள், மற்றபடி பயனர் எழுதிய வடிவத்தையே சுருக்கிக் கொடுங்கள். புது வடிவம் நீளமானால் கைவிட, சுருக்கியின் விகித வரம்பு ஏற்கெனவே இருக்கிறது (புது வடிவத்தின் நீளம் பழையதைப் போல எத்தனை மடங்கு வரை போகலாம் என்பது; இயல்பு 1.7, அளவுகோல் கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் எண்ணிக்கை). விடை 'மெய்' என மாறும்போது அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் கிடையாது என்பதை ஆவணத்தில் எழுதுங்கள்.

சோதனைகளில் க = க+1 (பொய்), முடிவிலி = முடிவிலி (மெய்), கச = கப (க தொலையக் கூடாது) ஆகியவை கட்டாயம். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் அதே விடை வருகிறதா என்றும் பாருங்கள். பக்கங்களை மாற்றிப் போடும் திருத்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.