வீட்டில் வளர்க்கும் சிறுத்தைப் பல்லிக் (leopard gecko) குஞ்சின் தொட்டியில் விரிக்க மணலா, டிஷ்யூவா?

மணல் பார்க்க அழகுதான். கல்லடிக் கடற்கரையில் காசில்லாமலும் கிடைக்கும். ஆனால் பொரித்து, முதல் தோலை உரித்து, மூன்று நான்கு நாளில் இரை பிடிக்கத் தொடங்கும் குஞ்சுக்குக் குறி தப்பும். பூச்சியோடு மணலையும் சேர்த்து விழுங்கும். குடல் அடைத்தால் பிழைப்பது கஷ்டம். கடல்மணலில் உப்பு வேறு. (பாலைவனப் பிராணிதானே என்பார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் அது வாழ்வது பெரும்பாலும் கல்லும் இறுகிய மண்ணுமான தரையில்.)

டிஷ்யூவில் அழகு பூச்சியம். ஆனால் கறுப்பு எச்சமும் பக்கத்தில் வெள்ளைக் கட்டியும் கிடந்தால் செமிபாடு சரி என்று உடனே தெரியும், சுருட்டி எறிந்துவிடலாம். ஒரு மூலையில் ஈரத்துணி போட்ட சின்னப் பெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் உரியாத தோல் விரல் நுனியில் இறுகி, விரலே போய்விடும்.

குஞ்சுக்கு டிஷ்யூதான். அழகு வேண்டுமென்றால், வளர்ந்தபின் டைல்ஸ் பதியுங்கள்.