திரையில் தமிழ் படிப்பது: நாலு வருடத்தில் என்னிடம் நின்றதும் போனதும்

காரைக்குடியில் வீட்டிலிருந்தே மெய்ப்பு பார்க்கிற வேலை எனக்கு. தாளில் திருத்திக்கொண்டிருந்தது 2021-இல் முழுக்கத் திரைக்கு வந்துவிட்டது. முதல் வருடம் சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், ‘ண்’ணுக்கும் ‘ன்’னுக்கும் வித்தியாசம் தெரியாது. மெய்ப்பு பார்ப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும், பிழைப்பே போய்விடும். அதற்குப் பிறகு செய்து பார்த்ததில் எது நின்றது, எது வீண் என்று எழுதி வைக்கிறேன்.

வீண் முதலில். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி. கடையில் நீல விளக்கை அடித்துக் காட்டி விற்றார்கள், ஆறு மாதம் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை அலசிவிட்டு, இந்தக் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. வாங்குமுன் படித்திருக்கலாம்.

அடுத்தது புரொகிரசிவ் கண்ணாடி, எட்டப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் பவர் ஒரே கண்ணாடியில் மேலும் கீழுமாக இருப்பது. நடமாட நல்லதுதான். ஆனால் கிட்டப் படிக்கும் பவர் அதில் அடிப்பக்கம் இருக்கிறது, திரையோ நேர் எதிரே. அதனால் நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே படித்திருக்கிறேன், கழுத்து வலி ஏன் என்று தெரியாமல் தைலம் தேய்த்ததுதான் மிச்சம். பிறகு டேப் வைத்து கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம் என்று அளந்தேன், 65 செ.மீ. அந்த அளவைச் சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். நாலு வருடத்தில் ஒரே நாளில் பலன் தெரிந்தது இது ஒன்றுதான். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் வேறு எதையும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

இனி வீட்டு விசயம். எங்களுடையது பழைய வீடு, வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தைச் சுற்றித்தான் புழக்கம். வளவை ஒட்டிய பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், ஐயா காலத்து பர்மாத் தேக்கு மேசையைப் போட்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் முற்றத்து வெயில் முழுக்கத் திரையில் தெரியும், போதாததற்கு தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பளபளவென்று கீழேயிருந்தும் அடிக்கும். நான் வெளிச்ச அளவை நூற்றுக்கு நூறு ஏற்றிவைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேவகோட்டையிலிருந்து வந்த பெரியாத்தா பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, வெளிச்சத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கண்ணாடி பாத்தா மூஞ்சியா தெரியும்?” என்றார்கள். அவ்வளவுதான். மேசையைத் திருப்பி, முற்றம் இடது பக்கம் வருகிற மாதிரி போட்டேன். நேர் எதிரே இருந்தாலும் கூசும், பக்கவாட்டில்தான் சரி. இப்போது வெளிச்ச அளவு நாற்பதைத் தாண்டுவதில்லை. எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன், திரை தாளைவிட விளக்கு மாதிரி எரிந்தால் குறைப்பேன்.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எனக்கு ஒத்துவரவில்லை. எனக்குச் சிலிண்டர் பவர் உண்டு, கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் பவர். இருட்டுத் திரையில் கண்மணி விரிகிறது, எழுத்தோரம் சிதறுகிறது. ஆங்கிலத்தில் அது தாங்கும், தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி ஒளிவட்டமாகி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இளவட்டங்களுக்கு இது பிடிக்கிறது, பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும்.

எழுத்தில்தான் நிறைய நேரம் செலவழித்தேன். இணையப் பக்கங்களில் சாதாரணமாக வைக்கும் 16 பிக்சல் அளவு ஆங்கிலத்துக்குப் போதும், நம் ‘ணை’க்கும் ‘ஞூ’வுக்கும் அந்த இடம் பத்தாது. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் எழுத்துருப் பகுதியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்து, குறைந்தபட்ச அளவை 20 ஆக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டுவிட்டேன். சில பக்கங்களின் அடுக்கு குலையும், பரவாயில்லை. தமிழ்ப் பக்கமாக இருந்தும் உள்ளே தன்னை ஆங்கிலம் என்று அறிவித்திருந்தால் இந்த அளவு அங்கே எடுபடாது. அங்கே கன்ட்ரோலும் பிளஸும் அழுத்திப் பெரிதாக்குவதுதான். நீளக் கட்டுரை என்றால் எஃப்9 அழுத்தி வாசிப்புப் பார்வைக்குப் போய் வரியைக் குறுக்கிவிடுவேன். வரி அகலமாக ஓடினால் அடுத்த வரியைப் பிடிக்கும்போது கண் தடுமாறி, படித்த வரியையே மறுபடி படிக்கும்.

போன வருடம் பழைய 24 அங்குலத் திரையை விட்டு 27 அங்குல 4கே வாங்கினேன். பழையதில் அங்குலத்துக்கு 92 பிக்சல், புதியதில் 163. விண்டோஸில் 150 சதவீதப் பெருக்கத்தில் வைத்திருக்கிறேன். மெய்யெழுத்தின் புள்ளி இப்போது புள்ளியாக வட்டமாக நிற்கிறது. மெல்லிய கோடு வரும் நோட்டோ செரிஃப் தமிழை பழைய திரையில் படிக்கவே முடியாது, இதில் அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கிறது. செலவுதான், ஆனால் வருத்தமில்லை.

ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களுக்கு இந்த வித்தை எதுவும் பலிக்காது, அங்கே எழுத்தே படம்தானே. பக்கத்து ஊர்க் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாகிவிட்டன, நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு அந்தக் காலத்து அச்சைத் திரையில் தேடுகிறோம். சரி, அது வேறு கதை. ஸ்கேன் புத்தகங்களை ஓகுலார் என்ற பிடிஎஃப் படிக்கும் மென்பொருளில் திறந்து தாளின் நிறத்தை இளம் பழுப்பாக மாற்றிக்கொள்வேன். பளீர் வெள்ளை ஸ்கேன்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஏற்கெனவே மஞ்சளடித்த பக்கத்துக்கு மாற்றினால் எழுத்து இன்னும் மங்கும்.

இமைப்பதை மறந்துவிடுகிறோம் என்பது உண்மை. திரையைப் பார்க்கும்போது இமைப்பு பாதிக்கும் கீழே போகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருபது வினாடி பார்க்கச் சொல்வார்கள், எனக்கு வளவின் எதிர்ப்பக்கத் தூண் போதும். அப்புறம் மேசை மின்விசிறி. நேரே முகத்தில் அடித்ததைக் காலுக்குத் திருப்பிய வாரமே மணல் உறுத்தல் பாதி குறைந்தது.

இன்னும் தீராதது ஒன்று. தையில் சாய்ந்து விழும் வெயில் சித்திரையில் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது, கல்லிலிருந்து அடிக்கும் கூச்சம் அப்போது இடம் மாறும். வருடத்துக்கு இரண்டு தடவை மேசையை நகர்த்த வேண்டியிருக்கிறது. நாலு பேர் இல்லாமல் அது அசையாது, வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.