ஆங்கிலச் செய்தித் தளங்கள்: ஏற்காட்டுக் காபி விவசாயி ஒருவரின் பயன்பாட்டு அனுபவம்

ஏற்காட்டில் விளையும் அரபிகா வகைக் காபிக்கு நியூயார்க் சந்தையைப் பார்த்துத்தான் விலை அமைகிறது. பார்ச்மென்ட்டை, அதாவது மேல்தோலோடு உலர்த்திய கொட்டையை, இப்போதே விற்பதா, இன்னும் கொஞ்ச நாள் குடோனில் வைப்பதா என்று முடிவெடுக்க எனக்கு ஆங்கிலச் செய்தி தேவைப்படுகிறது. பல வருடங்களாக அச்சில் ஒரு நாளிதழ், போனில் நாலைந்து தளங்கள் என்று படித்து வருகிறேன். எதை எவ்வளவு நம்பலாம் என்று இதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிரேசிலைப் பற்றி ஒரு தளம் எழுதுவதை இங்கிருந்து சரிபார்க்க முடியாது. சேலத்தைப் பற்றி எழுதினால் முடியும். அதனால் எந்தத் தளமானாலும் முதலில் நம் ஊர்ச் செய்தியை எப்படி எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பேன். இதற்கு எட்டு வழிச்சாலை வழக்கைப் போல நல்ல சோதனை கிடையாது.

சேலம்–சென்னை சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சாலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்கிற தொனியில்தான் அன்று நான் பார்த்த தலைப்புகளில் பல இருந்தன. தீர்ப்போ அதைவிட நுணுக்கமானது. அறிவிக்கைகள் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி அறிவிக்கைக்கு முன்பே தேவையில்லை, ஆனால் வேலையைத் தொடங்கும் முன் வாங்கியாக வேண்டும் என்றது. அறிவிக்கையை மட்டும் காட்டி வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றத்தைப் பழையபடி திருத்தவும் சொன்னது. நிலம் வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் உயிர். சிட்டாவில் தன் பெயர் இருக்கிறதா என்பதுதானே அவர் கேள்வி! அதைச் சொல்லாத செய்தி எனக்குச் செய்தியே இல்லை. லைவ்லா, பார் அண்ட் பெஞ்ச் போன்ற சட்டச் செய்தித் தளங்களின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீர்ப்பு நகலையே பெரும்பாலும் சேர்த்துத் தருகிறார்கள். மொழி கொஞ்சம் கடினம்தான், ஆனால் யாருடைய சுருக்கத்தையும் நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது எண்ணிக்கை மயக்கம். என் மைத்துனன் வாட்ஸ்அப்பில் அடிக்கடி, "மாமா, பத்து பேப்பர்ல வந்திருக்கு, பாருங்க" என்று இணைப்புகளை அனுப்புவான். திறந்து பார்த்தால் பத்திலும் ஒரே வரிகள், மேலேயோ கீழேயோ பிடிஐ என்ற செய்தி நிறுவனத்தின் மூன்று எழுத்து. ஒரு நிருபர் கொடுத்த செய்தியைப் பத்து இடத்தில் அப்படியே போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிடிஐ தரமான நிறுவனம். ஆனாலும் இது ஒரு சாட்சிதான், பத்து சாட்சி ஆகாது. செய்திகளைத் திரட்டித் தரும் செயலிகளில் இதைக் கவனிப்பது இன்னும் கஷ்டம். அதனால் அவற்றை எடுத்துவிட்டேன்.

காபிச் செய்திக்கு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம்தான் என் முதல் தேர்வு. 2021 ஜூலையில் பிரேசிலில் பனி உறைந்து தோட்டங்கள் கருகியபோதும், 2024 டிசம்பரில் அரபிகா 1977-ன் உச்சத்தைத் தாண்டியபோதும் அதைத்தான் தொடர்ந்து படித்தேன். விளைச்சல் மதிப்பீட்டைச் சொல்வது பிரேசில் அரசின் கொனாப் நிறுவனமா, கூட்டுறவு அமைப்பா, வியாபாரியா என்று பெரும்பாலும் வரியிலேயே தெரிந்துவிடும். வாங்குபவர் சொல்லும் விளைச்சலுக்கும் விற்பவர் சொல்லும் விளைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் எந்த விவசாயிக்கும் தெரியும், அதனால் இது எனக்கு ரொம்ப முக்கியம். தவறு நேர்ந்தால் எந்தப் பத்தியில் எதைத் திருத்தினோம் என்று மேலேயே போடுகிறார்கள். 2024 முதல் சந்தா கேட்கிறார்கள், அது ஒரு குறை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க் விலை பச்சைக்கொட்டைக்கு, அதாவது மேல்தோல் நீக்கிய வறுக்காத கொட்டைக்கு, ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். நாம் விற்பது பார்ச்மென்ட், மேல்தோல் நீக்கினால் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உச்ச விலைத் தலைப்பைப் பார்த்துவிட்டு வியாபாரியிடம் அதே கணக்கில் பேச முடியாது.

அச்சில் வாங்குவது தி இந்து. 2006-ல், வாசகர்களின் புகார்களைக் கவனிக்க வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை ஏற்படுத்திய நாளிதழ் அது. திருத்தங்களை வெளிப்படையாக அச்சிடுகிறது. திருத்தம் நிறைய வரும் பத்திரிகையை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. நான் அதை நேர்மாறாகப் பார்க்கிறேன். திருத்தமே போடாத தளத்தில் தவறு இல்லை என்று அர்த்தமா? ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது எனக்குத் தேவைப்பட்டவை அடிவாரம் பாதை திறந்திருக்கிறதா, குப்பனூர் வழியாகப் போகலாமா, எத்தனை மில்லிமீட்டர் மழை என்பவை. சேலத்தில் நிருபர் வைத்திருக்கும் நாளிதழ்களால்தான் அதையெல்லாம் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் 'மலை வாசஸ்தலத்தில் கனமழை' என்பதோடு நிறுத்திவிட்டார்கள்.

ஒரு பயணத் தளத்தில் ஏற்காடு ஏரி என்று கொடைக்கானல் படத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை, படமும் மாறவில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தளம் விலைவாசி பற்றி எழுதினாலும் இப்போது நான் திறப்பதில்லை.

இப்போது காசு கொடுத்துப் படிப்பது இந்து, ராய்ட்டர்ஸ் இரண்டும்தான். வெளிநாட்டுச் செய்திக்குப் பிபிசி போதும். இவை எல்லாவற்றிலும் எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஆங்கிலத்தில் பெரும்பாலும் மே மாதக் கோடை விழாவுக்கும் மண்சரிவுக்கும்தான் வருகிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டால் செடிகள் போவதையும், பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுவதையும் அறிய இன்னமும் தமிழ் நாளிதழ்களின் சேலம் பதிப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.